மூன்று மணிக்கு ஊமையாகும் கம்ப்யூட்டர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ரேடியோவில் சத்தம் வரவில்லை. கம்ப்யூட்டர் ஓடுகிறது, நிகழ்ச்சியின் பெயர் வருகிறது, அதற்குக் கீழே பச்சைக் கோடுகள் குதிக்கின்றன. சத்தம் மட்டும் இல்லை. மூன்றிலிருந்து நான்குவரை என் மகள் பேசுவதை ஊமைப் படம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வங்கி வேலையை விட்டுவிட்டு இன்டர்நெட் ரேடியோவில் பேசப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று இவர் குதித்த குதி இருக்கிறதே! "வாயை வித்துப் பிழைக்கப் போறியா? இனிமே இந்த வீட்டு போன்ல உன் குரலே கேட்கக் கூடாது." சரி என்று போனவள்தான். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், அந்தச் சொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் அழைத்தாலும் எடுப்பதில்லை. 'அப்பா சொல்லட்டும்மா' என்று ஒரு வரி மெசேஜ் வரும். இரண்டு வருடமாக அவள் குரல் எனக்குக் கிடைப்பது இந்தப் பெட்டியில்தான்.

இவருக்குக் காது மந்தம் என்பதால் உள்ளறையில் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் பயமில்லை. நேற்று காது மெஷின் வந்துவிட்டது. கடைக்காரப் பெண் வீட்டுக்கே வந்து, எங்கள் கம்ப்யூட்டரிலேயே என்னென்னவோ தட்டி அளவு சரிசெய்து, இரண்டு காதிலும் மாட்டிவிட்டாள். பழகும்வரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் போட்டால் போதுமாம். இனி எப்படி ஒளித்துக் கேட்பது என்று காலையெல்லாம் கவலைப்பட்டேன். அந்தக் கவலைக்கே வேலையில்லாமல் போயிற்று.

மார்ச் 4, புதன்

அணைத்துப் போட்டேன். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். வேறொரு ரேடியோவை வைத்துப் பார்த்தேன், அதுவும் ஊமை. சத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கை வலித்ததுதான் மிச்சம்.

நடுவில் ஹாலிலிருந்து இவர் கத்தல். "ஏய், என்ன அது டிங் டிங்குனு? நிறுத்து!"

எந்த டிங்? எனக்கு ஒரு எழவும் கேட்கவில்லையே! அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய மெஷின் இல்லாத சத்தத்தையெல்லாம் கேட்கிறது போலிருக்கிறது. இந்த வீட்டில் எந்த மெஷினும் ஒழுங்காக வேலை செய்யாது.

மார்ச் 5, வியாழன்

நெட் கம்பெனிக்கு போன் செய்தேன். என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் எடுக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

காலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்தார். எதற்கெடுத்தாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்பார். அதனால் அவருக்கு நான் வைத்திருக்கும் பேரே ரீஸ்டார்ட்தான். உட்கார்ந்தார், தட்டினார், பாட்டு வந்தது. கணீரென்று வந்தது!

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"நேத்து வரலையே."

"ரீஸ்டார்ட் பண்ணியிருக்க மாட்டீங்க."

எனக்கு வந்த கோபத்தில் அவரையே ரீஸ்டார்ட் செய்திருப்பேன். காபி கொடுத்து அனுப்பினேன். மூன்று மணிக்கு வைத்தேன். ஊமை.

மார்ச் 9, திங்கள்

ரீஸ்டார்ட் மறுபடி வந்தார். காலை பதினொரு மணி. மறுபடி கணீர். "மத்தியானத்துல மட்டும் ஊமையாகிற கம்ப்யூட்டரை நான் பார்த்ததே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவம், தனியாகக் கிடந்து மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். போனில் கேட்கலாமே என்றார். என் பட்டன் போனைக் காட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரே நல்ல விஷயம், இவருக்கு மெஷின் பழகிவிட்டது. முதல் நாள் "மூக்கைச் சிந்துனாக்கூட இடி இடிக்குது" என்று கத்தியவர், இப்போது இரண்டரைக்கே தானாக எடுத்து மாட்டிக்கொள்கிறார். மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிவிடுவார். தூங்குகிறாரே என்று போர்வை போடப் போனேன். "இப்ப பேசாதே" என்று கையைக் காட்டினார். நான் வாயையே திறக்கவில்லை!

மார்ச் 10, செவ்வாய்

ஊமை.

மார்ச் 11, புதன்

மகளுக்கு மெசேஜ் போட்டேன். உன் ரேடியோ இங்கே கேட்கவில்லை என்று. 'எல்லாருக்கும் கேட்குதேம்மா' என்று பதில்.

எல்லாருக்கும். ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் கேட்கிறது. பெற்றவளுக்குக் கேட்கவில்லை. நான் என்னடி பண்ணுவேன்? யார்கிட்ட போய் நிப்பேன்? திரையில் உன் கோடு குதிக்குது, நீ சிரிக்கிறியா, தும்முறியா, உடம்பு சரியில்லையா, ஒண்ணும் தெரியலையே. கோட்டைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு இடத்தில் கோடு உயரமா எழும்புச்சு. சிரிச்சிருப்பே என்று நானே நினைச்சுக்கிட்டு நானும் சிரிச்சேன். பைத்தியம்தான் பிடிக்கப் போகுது எனக்கு.

மார்ச் 12, வியாழன்

வெறுத்துப்போய் இன்று கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. மூன்றேகாலுக்கு இவர் உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

"உன் பொட்டியைப் போடலையா?"

"ஏன்? அது ஓடினா உங்களுக்கு ஆகாதே."

"சும்மாதான் கேட்டேன்." போகாமல் அங்கேயே நின்றார். "போடு. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு."

கிண்டல் செய்கிறார் என்று ஆத்திரம் வந்தது. வீம்புக்கு அணைத்தே வைத்தேன். சாயங்காலம்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். காபியில் சர்க்கரை இல்லையாம், விசிறி சுற்றவில்லையாம். இவருக்கு இன்று என்ன கேடு என்று புரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

ரீஸ்டார்ட்டைக் கெஞ்சிக் கூத்தாடி மதியம் வரவைத்தேன். மூன்று மணி, பச்சைக் கோடு, ஊமை. "பாருங்க! நான் பொய்யா சொன்னேன்?" என்றேன். ஜெயித்த மாதிரி இருந்தது.

அவர் திரையின் மூலையில் எதையோ திறந்து குனிந்து பார்த்தார். "அம்மா, சத்தம் வருது. ஸ்பீக்கருக்கு வரலை. வேற எங்கேயோ போகுது. வீட்டுல யாராவது காதுல மெஷின் மாட்டியிருக்காங்களா?"

கடைக்காரப் பெண் சரிபார்க்கும்போது மெஷினையும் கம்ப்யூட்டரையும் இணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மெஷின் டப்பாவில் இருந்தால் சத்தம் ஸ்பீக்கரில் வரும். காதில் இருந்தால் ஒயரே இல்லாமல் நேராக இவர் காதுக்குப் போய்விடும். காலையில் பேசுகிற பெட்டி மதியம் ஊமையானது அதனால்தான்.

நான் எழுந்து ஹாலை எட்டிப் பார்த்தேன். இவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். உதட்டில் சிரிப்பு. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதுபோல் தலையை ஆட்டுகிறார். இரண்டு வாரமாக — அடப்பாவி மனுஷா! நான் உள்ளே கிடந்து அல்லாடுகிறேன், நீங்க இங்கே உட்கார்ந்து அவளைக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?

"ஒரு நிமிஷம்தான், ஸ்பீக்கருக்கு மாத்திடவா?" என்றார் ரீஸ்டார்ட்.

மாற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாற்றினால் இவர் காதில் அவள் பாதி வார்த்தையில் நின்றுபோவாள். தான் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்துவிட்டது என்று கண்டுபிடித்துவிடுவார். பிறகு ஜென்மத்துக்கும் கேட்க மாட்டார், எனக்கு அவரைத் தெரியும்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். ரீஸ்டார்ட் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மூன்று மணிக்குப் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்து, கீரை ஆய்கிற சாக்கில் அவர் எதிரே உட்கார்ந்தேன். எனக்குக் கேட்காது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒருதரம் புருவம் சுருங்கியது. ஒருதரம் "ப்ச்" என்றார். என்ன சொன்னாளோ? கேட்கவும் முடியாது. எனக்கு அழ வேண்டும்போல் இருந்தது, கீரையை ஆய்ந்தேன்.

மார்ச் 19, வியாழன்



நான் உள்ளறையில் இருந்தேன். மூன்று இருபதுக்கு ஹாலில் போன் எண்ணை அழுத்துகிற சத்தம். நேயர்கள் அவளுக்கு போன் செய்து பேசலாம், நிகழ்ச்சியில் எண்ணைச் சொல்வாள். கதவோரம் போய் நின்றேன். எனக்குக் கேட்டது இவர் பேசியது மட்டும்தான்.

"வணக்கம்."

"பேரெல்லாம் வேண்டாம்மா."

"ரேடியோவைக் குறைக்கணுமா?" ரேடியோ சத்தம் இரைச்சலாகத் திரும்பி வரும் என்பதால் எல்லாரிடமும் இதைத்தான் முதலில் சொல்வாள். இவர் திணறினார். "எனக்குக் குறைக்கத் தெரியாதும்மா. அது... அது என் காதுக்குள்ளேயே இருக்கு."

பிறகு பேச்சே இல்லை. போன் அறுந்துவிட்டதா? இவர் குரலை அவள் கண்டுகொண்டாளா? வைத்துவிட்டாளா? கடவுளே, வைத்துவிடாதேடி.

"ஆமா. நான்தான்."

"...சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். அவள் என்ன சொன்னாளோ, இவர் "ம்" என்றார், இன்னொரு "ம்" என்றார், வைத்துவிட்டார். மெஷினைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி காபி கொண்டுபோய் வைத்தேன். என்ன பதில் வந்தது என்று கேட்கவும் வழியில்லை. ராத்திரி இரண்டு பேரும் புரண்டு புரண்டு படுத்தோம்.

மார்ச் 20, வெள்ளி

மதியம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் வீட்டு போன் அடித்தது. இவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "நீயே எடு. உனக்குத்தான் இருக்கும்" என்றார்.

எடுத்தேன்.

"அம்மா" என்றாள். எத்தனையோ கேட்க நினைத்திருந்தேன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள்தான் பேசினாள். "அம்மா, அப்பாவுக்கு இப்ப காது கேட்குதா?"

"எங்கேடி? உன் குரல் ஒண்ணுதான் கேட்குது. நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் கேட்கலை."

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அதெல்லாம் கேட்குது, கேட்குது. நீ முதல்ல அவ எப்ப வீட்டுக்கு வர்றான்னு கேளு."