பிணத்துக்குக் குத்திய நோட்டு

என் ராஜாத்தி அக்கா,

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு. இங்கே நான் நன்றாக இல்லை. வயிறு எரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை இண்டூரில் நம் நாடக மன்றத்துக்குப் பத்தாம் ஆண்டு விழா நடத்தினார்கள். உன் கதையை மைக்கில் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்த கூட்டத்துக்கு நடுவில் உன் மகள் செல்வி உட்கார்ந்திருந்தாள்.

எந்தக் கதை என்று கேட்பாயா? உனக்கென்று வேறு கதையா வைத்தார்கள்! செத்துக் கிடந்த கதாநாயகி ரூபாய் நோட்டைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாளாம். அதேதான். நீ உயிரோடு இருந்தபோது மொரப்பூர் சந்தையில் உன் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இப்போது மேடை போட்டுச் சொல்கிறார்கள். இதை நீ படிக்கமாட்டாய், எனக்குத் தெரியும். படிக்கவேண்டியவர்கள் படிக்கட்டும்.

அறுபதுகளின் கடைசி அது. தை அறுப்பு முடிந்து களம் காலியானதும் மன்றத்துக்காரர்களுக்குக் கால் தரையில் நிற்காது. கோடை மழை வரும்வரை ஊர் ஊராகத் திருவிழா, ஊர் ஊராக நாடகம். அந்த வருஷம் மூன்று நாடகங்கள் போட்டோம். ஆண்கள் எல்லாரும் இண்டூர்க்காரர்கள். பகலில் ஏர் ஓட்டுகிறவர், கடை வைத்திருக்கிறவர், பஸ் கண்டக்டர் என்று பல தினுசு. பெண் வேஷத்துக்கு மட்டும் வெளியூர் ஆள் வேண்டும். தங்கள் வீட்டுப் பெண்ணை ஒருவரும் மேடையேற்றமாட்டார்கள், அடுத்த வீட்டுப் பெண் ஏறினால் முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். அப்படித்தான் நீயும் நானும் மொரப்பூரிலிருந்து பஸ் ஏறிப் போனோம். நீ கதாநாயகி. மாமியார், வேலைக்காரி, பக்கத்து வீட்டுச் சண்டைக்காரி எல்லாம் நான்.

ஒத்திகைக்கு நம்மைக் கடைசி நாள்தான் கூப்பிடுவார்கள். அதுவரை உன் இடத்தில் சைக்கிள் கடைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். கதாநாயகன் துரைராஜ் அவரிடம் காதல் வசனம் பேசிப் பழகியிருப்பார். சைக்கிள் கடைக்காரர் ஆறடி ஆள். அந்தப் பழக்கத்தில் துரைராஜ் மேடையிலும் உன் தலைக்கு ஒரு முழம் மேலே பார்த்து 'கண்ணே' என்பார். "அண்ணா, நான் கீழ இருக்கறங்க" என்று உதடு அசையாமல் சொல்வாய். முக்காட்டுக்குள் நான் சிரித்துச் செத்துவிடுவேன்.

அன்பளிப்பு குத்தும் வழக்கத்தைப் பற்றி நம் பக்கத்தில் இல்லாதவர்களுக்குச் சொல்லவேண்டும். நாடகம் நடந்துகொண்டே இருக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் மேடையேறுவார். கதை அப்படியே அந்தரத்தில் நிற்கும். மைக்கில் அவர் பெயரைச் சொல்வார்கள். அவர் நோட்டை எடுத்து நடிகரின் சட்டையில் ஊசியால் குத்துவார். நடிகர் கும்பிடு போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்வார். நோட்டு குத்தாத நாடகம் நாடகமே இல்லை என்று நினைக்கிற ஊர்கள் இருந்தன.

நீ ஆரம்பத்திலேயே துரைராஜிடம் சொன்னாய். "ஆம்பளைங்களுக்கு எப்பிடி வேணா குத்திக்கோங்க. எனக்கும் மேரிக்கும் குத்தக்கூடாதுங்க. குடுக்கறவங்க கையில குடுக்கட்டும், கும்பிட்டு வாங்கிக்கறோம்." துரைராஜ் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு ஊரிலும் திரை தூக்கும் முன் மைக்கில் அறிவித்தார். ஊர்க்காரர்களும் மரியாதையாகத்தான் நடந்தார்கள். கையில் கொடுத்தார்கள், நீ வாங்கினாய். ஒரு பருவம் முழுக்க அது நடந்தது, அக்கா. நடக்கக்கூடிய காரியம்தான் என்று தெரிந்தது.

சித்தேரி மலைக்கு லாரியில் ஏறிப் போனோமே, நினைவிருக்கிறதா? எனக்கு ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம். பெரிய நோன்பில் கூத்தாடப் போகிறாயே என்று என் அம்மா வாசலில் நின்று திட்டினாள். நான் கறி தின்னமாட்டேன், வேஷம் மட்டும் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சனம் உன் சாவுக் காட்சியைப் பார்த்துவிட்டு விடவே இல்லை. "நல்லா செத்தீங்க, இன்னொரு வாட்டி சாவுங்க" என்றார்கள். நீ எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, மறுபடி இருமி மறுபடி செத்தாய். அப்படிப்பட்டவளுக்கா பிணமாகக் கிடக்கத் தெரியாது?

கடைசி ஆட்டம் இண்டூரில். 'கடைசி வண்டி' நாடகம். விடியப்போகிற நேரத்தில் உன் சாவு வந்தது. துரைராஜ் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறுகிறார். பக்கத்திரையை ஒட்டி மாமியாராக நான் மாரடிக்கிறேன். அப்போது பெரிய வூட்டுக்காரர் மேடையேறினார். பந்தலும் விளக்கும் அவர் செலவு. கையில் நோட்டு, வாயில் ஊசி.

செத்தவளுக்கு எவனாவது அன்பளிப்பு குத்துவானா? இந்த ஆள் குத்த வந்தார். கையில் கொடு என்று சொல்லியிருந்தோம். பிணம் எப்படிக் கை நீட்டும்? அது அவருக்கு வசதியாகப் போயிற்று. குனிந்தார். ஒரு கை ஊசியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை உன் மார்பில் இருந்தது. அது தவறிப் பட்ட கை இல்லை. நான் பார்த்தேன். அது நகரவே இல்லை. நீ மூச்சை அடக்கிக்கொண்டு பொறுத்தாய், உன் கால் விரல்கள் மடங்கியதை நான் பார்த்தேன். அப்புறம்தான் எழுந்தாய். அவர் கையைத் தட்டிவிட்டு, "கைய எடுங்க. வேஷந்தான் பொணம், நான் இல்ல" என்றாய்.

மைக் தூரத்தில் இருந்தது. நீ சொன்னது பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. பிணம் எழுந்தது மட்டும்தான் தெரிந்தது. ஆண்கள் பக்கம் பந்தல் அதிரச் சிரித்தார்கள். பெரிய வூட்டுக்காரரும் திரும்பி நின்று சிரித்தார், தான் ஏதோ வேடிக்கை காட்டியதுபோல. நீ என்ன செய்தாய்? மறுபடி துரைராஜ் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடினாய். நாடகத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாய். இதை ஒருவரும் சொல்வதில்லை.

அன்று காலையிலேயே துரைராஜைப் பிடித்து நான் கேட்டேன். "அவரில்லாட்டி அடுத்த வருசம் பந்தல் யாரு போடறது மேரி? ராஜாத்தி கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் உனக்குப் பதில் வேறு ஒரு பெண் வந்தாள். பக்கத்து ஊர் மன்றங்களும் கூப்பிடவில்லை. எழுந்த பொணம் என்று பேர் வைத்தார்கள். அவ்வளவு நல்ல நடிகை நீ, நெல் மில்லில் தவிடு புடைத்தாய். கை வைத்தவருக்கு ஒன்றும் இல்லை. கையைத் தட்டிவிட்டவளுக்குத்தான் பேர் கெட்டது. இது எந்த ஊர் நியாயம்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அழைப்பிதழில் மறைந்த கலைஞர்களுக்கு அஞ்சலி என்று போட்டிருந்தார்கள். செல்வி அதை நம்பினாள். டைப்ரைட்டிங் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, சம்பங்கி மாலை வாங்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். மேடையில் உன் படம் இருக்கும், போடலாம் என்று நினைத்தாள். அங்கே உன் படம் இல்லை. முன்வரிசையில் பெரிய வூட்டுக்காரர் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்.

துரைராஜ்தான் இப்போது மன்றத் தலைவர். மைக்கைப் பிடித்தார். "எங்க ராஜாத்தி மாதிரி நடிக்க இந்த ஜில்லாவுலயே ஆளு கெடையாதுங்க. ஆனா பாருங்க, நம்ம பெரிய வூட்டுக்காரரு நோட்ட எடுத்தாரு, செத்துக் கெடந்தது எவ்வளவுன்னு பாக்க எழுந்து உக்காந்துருச்சு!" சிரிப்பு எழுந்தது. செல்வி மடியிலிருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன், அக்கா. "நிறுத்துங்கண்ணா. அவ நோட்டுக்கு எழுந்திரிக்கல. இவரு கை வெச்ச எடத்துக்கு எழுந்திரிச்சா."

"பழசெல்லாம் எதுக்குங்க மேரி? செத்துப்போனவங்களப் பத்தி…"

"செத்துப்போனவளப் பத்தித்தான இவ்வளவு நேரம் பேசினீங்க?"

சட்டென்று ரெக்கார்டு போட்டுவிட்டார்கள், நாயனம் அலறியது. என் குரல் அதில் முங்கிப்போயிற்று. செல்வி எழுந்து நேராக மேடைக்குப் போனாள். துரைராஜ் முன்னால் போய் நின்று ஏதோ கேட்டாள். நான் பின்னாலேயே ஓடியதால் எனக்குக் கேட்டது.

"மாமா, எங்கம்மா தல உங்க மடியிலதானங்க இருந்துச்சு. நீங்க பாக்கலீங்களா?"

நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். எப்போது சொன்னாய்? துரைராஜ் அவளைப் பார்த்தார், முன்வரிசையைப் பார்த்தார். பிறகு மைக்கில் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தார். அவர் பார்த்தார், அக்கா. அவரும் அன்றைக்கே பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் இத்தனை வருஷம் இந்த வேடிக்கையைச் சொல்லித் திரிந்திருக்கிறார். பெரிய வூட்டுக்காரர் மேல் எனக்கு இருப்பது வெறும் அருவருப்பு. துரைராஜ் மேல்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு ஓர் அம்மா வேகமாக எங்கள் பின்னால் வந்தார். முன்பின் பார்த்ததில்லை. இடுப்பில் பேரப்பிள்ளையோ யாரோ ஒரு குழந்தை. செல்வியைத்தான் பார்த்துப் பேசினார்.

"நான் அன்னைக்கு மொத வரிசையில உக்காந்திருந்தனுங்க. பொம்பளைங்க பக்கம் ஒருத்தியும் சிரிக்கலீங்க. எங்க எல்லாத்துக்கும் தெரியும். எங்க வூட்டுக்காரரு சிரிச்சுக்கிட்டே வூட்டுக்கு வந்தாரு, நான் வாயத் தொறக்கல. இன்னைக்கு வரைக்கும் தொறக்கல."

செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "பங்குனித் திருவிழாவுல மறுபடியும் சொல்வாங்க. அப்ப தொறப்பீங்களா?" என்று கேட்டாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. நாங்கள் ஏறின பிறகும் அவர் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். உன் மாலையை அவரிடம்தான் கொடுத்துவிட்டு வந்தாள் உன் மகள்.

உன் பக்கம் ஒரு கூட்டமே சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது, அக்கா. உனக்கு அது தெரியாமலே போய்விட்டது. எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நீ மில்லுக்குத் தலை குனிந்துகொண்டு போயிருப்பாயா?

வருகிற பங்குனிக்கு மாமியார் வேஷம் கட்ட மன்றத்திலிருந்து எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் இண்டூருக்குப் போவேன். செல்வியும் வருகிறாள். பெண்கள் பக்கம், முதல் வரிசையில் உட்காருவோம். துரைராஜ் அந்த வேடிக்கையைத் தொடங்கட்டும். தொடங்கின அந்த நொடியில் நாங்கள் எழுந்து நிற்போம். எங்களோடு எத்தனை பேர் எழுவார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டே பேர் என்றாலும் நிற்போம், சத்தியம். அவர்கள் சிரிப்பதானால் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிரிக்கட்டும்.

உன் வயிற்றில் பிறந்தவளுக்குச் சித்தி,
உனக்குக் கூடப்பிறக்காத தங்கை,
மேரி