விருந்தாளிக்கு அடித்த சுண்ணாம்பு

அன்புள்ள அம்மா,

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தரவுகளைச் சேர்த்து நகரங்களை வடிவமைக்கும் கட்டடக்கலைப் பேராசிரியை ஒருவர் நம் நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். எந்த லயத்து வரிசை வீடுகள் மண்சரிவில் போகும், புது வீடு யாருக்கு என்று அவர்தான் சொல்ல வேண்டும். பெரிய ஆள் வருகிறார் என்று முதல் நாளே நம் லயத்தில் எல்லாரும் சுவர் வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

"கல்யாண வீடு மாதிரி இருக்குல்ல?" என்று அப்பா சிரித்தார்.

வெடிப்பு எதுவும் கண்ணில் படாததால் பேராசிரியையின் வரைபடத்தில் நம் லயம் பச்சை நிறம். பச்சை என்றால் ஆபத்தில்லை. அவருக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன்.

"ஐயோ, அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா! இருந்த வீடெல்லாம் மற்ற லயங்களுக்குக் குடுத்தாச்சே" என்றார்.

நீங்கள் அங்கே கவலைப்பட வேண்டாம். மழை நாளில் தம்பியை வாசல் பக்கம் படுக்கவைத்து, நாங்கள் உடுப்பு மாற்றாமலே படுக்கிறோம். அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.

உங்கள் மகள்