ஆள் நடந்தால்தான் சாவி

அண்ணன் பொண்டாட்டியா வந்து, என்கூடப் பேசாமலே போய்ச் சேர்ந்த பிரியமான மதினிக்கு,

நான் அஞ்சாவதோட நின்னவ. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ஞாபகத்துல மட்டும் பிழை வராது.

என் பேத்தி வள்ளியைப் பத்தாவதோட நிறுத்தித் தையல் பட்டறைக்கு அனுப்ப இருந்தேன். எனக்குத் தெரியாம நீங்க பதினொண்ணாவது சேர காலேஜ் பாரத்துல கையெழுத்துப் போட்டீங்க. "இனி என் வாசல் வழியா நடக்காதீங்க"ன்னேன். சாகுற வரைக்கும் சுத்தித்தான் போனீங்க. உங்க மக செல்வியும் அப்படியே.

அந்த வள்ளி இப்போ ஆராய்ச்சி பண்றா மதினி. ரெண்டு பேர் காத்து வழியா பேசுறதை மூணாவது ஆள் ஒட்டுக் கேக்காம பூட்டணும். சாவியை, அதாவது ரகசிய நம்பரை, அனுப்பினா வழியில திருடிருவான். அதனால அனுப்பவே கூடாதாம். சிக்னல் சுவர்லயும் தகரத்துலயும் ஆள் மேலயும் பட்டுத் தெறிக்கும். அந்தத் தெறிப்பு ரெண்டு முனைக்கும் ஒண்ணுதான். அதை அளந்து அவங்கவங்க இடத்துலயே ஒரே சாவியை உண்டாக்கிக்கலாம். தள்ளி நிக்கிறவனுக்கு வேற தெறிப்பு. எனக்கே நாலு தடவை சொன்னா.

போன வாரம் அந்தச் சோதனையை நம்ம தாராவிக்கே கொண்டுவந்துட்டா. பலகை நிறைய ஆண்டெனா, உங்க மாடியில. செல்வி மறுபேச்சில்லாம இடம் கொடுத்தா. இன்னொரு பெட்டி என் வாசல்ல. சரியா வரலேன்னா படிப்பு இன்னும் ஒரு வருஷம் இழுக்கும்.

உதவலாம்னு நான் நம்ம கல்லித் தெருவையே காலி பண்ணிட்டேன். "ஹட்டோ, ஹட்டோ"ன்னு கைவண்டியை எல்லாம் திருப்பி விட்டேன். பந்த் அன்னைக்கு மாதிரி அமைதி. வள்ளி மாடியிலேர்ந்து எட்டிப் பாத்தா.

"ஆச்சி, எல்லாரையும் ஏன் துரத்துன? ஒண்ணும் அசையலேன்னா அதே பழைய சாவிதான் வரும், திருடன் ஊகிச்சிருவான். ஆள் நடக்கணும்!"

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"நீ கேட்டுட்டா செஞ்ச?"

துரத்தின வாயாலயே கூப்பிட்டேன். வண்டியும் பிள்ளைகளும் வந்தாச்சு. "இன்னும் ஆள் வேணும்"ங்கிறா. கல்லி முனையில குடத்தோட செல்வி, வழக்கம்போல சுத்திப் போகத் திரும்பினா. நான் வாசப்படியை விட்டு இறங்கினேன்.

"ஏளா செல்வி, இப்படியே வா."

"போலாமா அத்தை?"ன்னு கேட்டுக்கிட்டே என் வாசலைத் தாண்டினா. கொஞ்ச நேரத்துல மாடியிலேர்ந்து வள்ளி கத்தினா. ரெண்டு பக்கமும் ஒரே சாவி, புது சாவி! ஒட்டுக் கேக்கன்னே முனையில வச்ச பெட்டிக்கு எதுவும் பொருந்தலையாம்.

நன்றி மதினி. உங்க கையெழுத்துதான் அன்னைக்கு மாடியில நின்னு கத்துச்சு. கேக்காமப் போட்டது தப்புதான், அதை விட மாட்டேன். ஆனா முட்டி வலியோட அவ்வளவு தூரம் சுத்தி நடந்தீங்களே, ஒரு தடவை நான் கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?

இனி செல்வி என் வாசல் வழியாத்தான் போவா. மறந்து சுத்திப் போனாலும் நானே கூப்பிடுவேன்.

உங்க நாத்தனா,
இசக்கியம்மா