முதல் வரி கேட்காத கோப்பு

ஜனவரி 3, புதன்

ஆய்வேடு முழுவதும் ஒரே கோப்பு. விளக்கமும் நிரல் துண்டுகளும் அதற்குள்தான். ஒரு கட்டளை கொடுத்தால், எடிட்டர் மென்பொருள் துண்டுகளை மட்டும் பிரித்துத் தனி நிரல்களாக எழுதித் தரவேண்டும். ‘எல்லாத் துண்டையும் எழுது’ என்று கோப்பின் முதல் வரியில் அமைப்பை மாற்றிவிட்டேன். பாதியைத்தான் எழுதுகிறது.

ஜனவரி 5

பதினோராவது தடவை மாற்றினேன். பாதிதான்.

ஜனவரி 8

வராத துண்டுகளைக் கையால் வெட்டி ஒட்டி அனுப்பியிருந்தேன். தேர்வாளர் பதில் போட்டுவிட்டார்: நிரல் ஓடவில்லை, வெள்ளிக்குள் சரியானது வேண்டும். இது ஏழாவது வருடம். இதற்குமேல் பல்கலைக்கழகம் அவகாசம் தராது.

பக்கத்து மேஜை யாவ்-ரென் வந்து வரியை உற்றுப் பார்த்தான். “எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. பை காலாவதி ஆயிடுச்சோ?”

கணினி மக்கர் பண்ணாமல் சொன்னபடி கேட்கட்டும் என்று இந்த ஊர் வழக்கப்படி அதன் மேல் வைத்திருக்கும் பச்சைத் தின்பண்டப் பையைத் திருப்பிப் பார்த்தேன். மார்ச் வரை இருக்கிறது. பை மேலே இருக்கும்வரை கணினியை அணைக்கக் கூடாது, எதையும் மூடக் கூடாது — எங்கள் ஆய்வகத்தின் எழுதாத சட்டம். எடிட்டரை நான் திறந்தது நவம்பரில்.

சொன்ன பேச்சு கேக்கணும்னுதானே வெச்சேன்? கேக்குதா?

ஜனவரி 10

முடியல. போதும். விலகல் படிவத்தை எழுதி அலுவலகத்தில் லியாவ் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் என்னவென்று சொல்வது?

ஜனவரி 11

காலையில் நிலநடுக்கம். சிறியதுதான், ஆனால் மின்சாரம் போய்விட்டது. பை தரையில் கிடந்தது. இனி போவதற்கு என்ன இருக்கிறது?

மின்சாரம் வந்ததும், சும்மா, கோப்பைத் திறந்து கட்டளையைக் கொடுத்தேன். நூற்று நாற்பத்து மூன்று துண்டுகளும் வந்து நிற்கின்றன.

யாவ்-ரென் எங்கோ தேடிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “கோப்பைத் திறக்கறப்போதான் முதல் வரியைப் படிக்குமாம்க்கா. நீங்க ரெண்டு மாசமா மூடவே இல்லையே!”

அலுவலகத்துக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஜனவரி 12

நிரலை அனுப்பிவிட்டுக் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். லியாவ் அக்கா இழுப்பறையிலிருந்து என் படிவத்தை எடுத்து நீட்டினார்.

“பேர் முத்திரை குத்தாம குடுத்தா யாரும்மா வாங்குவா? குத்தறியா, கிழிக்கறியா?”

இங்கே கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் அந்த முத்திரை என் கைப்பையில்தான் இருந்தது. கிழித்தேன்.

ஜனவரி 15

தேர்வாளரிடமிருந்து ஒரே வரி: ஓடுகிறது.

புதுப் பச்சைப் பை வாங்கி வைத்தேன். மாலையில் கிளம்பும்போது எடிட்டரை மூடினேன்.