ஆறாவது பெயர்

நாரே அப்பாவுக்கு,

கிம்ச்சிக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு, கேஸ் வால்வை மறக்காமல் மூடுங்கள். நானும் நாரேயும் நேற்றுப் பார்த்த படத்துக்கே மறுபடியும் போகிறோம். மூன்று மணிக் காட்சி. உங்களுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று.

நேற்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தது, நீங்கள் தியேட்டரில் கத்தியதற்காக இல்லை. கூடச் சேர்ந்து பாடுவதற்குத்தானே அந்தக் காட்சியே! பேய் விரட்டும் அந்தக் கார்ட்டூன் பாடகிகளின் பாட்டில், ரசிகர்கள் கூவுகிற இடம் வந்தபோதெல்லாம் அந்த ஐந்து பேர் பெயரையும் வரிசை தப்பாமல் கூவினீர்கள். ஒரு வாரம் குளியலறையில் பழகியது வீண்போகவில்லை. பின்வரிசைப் பள்ளிக்கூடப் பெண்களே கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும், "நாரே அம்மா, குடை எங்க?" என்றீர்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

தியேட்டர் வாசலில் நிற்பேன். "நாரே அம்மா" என்றால் திரும்ப மாட்டேன். "கும்ஹீ" என்று கூப்பிடுங்கள். கூப்பிடுவீர்கள், எனக்குத் தெரியும். அதனால்தான் நடுச் சீட்டு உங்களுக்கு.

பாட்டுக்கு நீங்கள் ஆட்டுகிற விளக்குக் கோலுக்குப் புது பேட்டரி போட்டு, செருப்பு அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.

"அப்பா வெக்கப்பட்டு முடிக்கறதுக்குள்ள படமே முடிஞ்சிடும்மா" என்கிறாள் உங்கள் மகள்.

இன்னொன்று. பழக்கதோஷம், மேலே நானும் "நாரே அப்பா" என்றே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு, உங்கள் பெயரைப் போட்டுப் படியுங்கள்.

தோக்சு, சீக்கிரம் வாங்க.