கிடுகு மறைப்பு

அக்கராயன், 1997

அன்பின் அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வாழைத்தண்டுச் சாறு பிழிந்து குடித்தேன். வலி குறைந்திருக்கிறது. சிறுநீரகத்தில் கல் என்றதும் நீங்கள் பயந்துபோய்க் கொழும்புக்கே வந்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். இங்கிருந்து வெளியேற அனுமதிப் பாஸ் கிடைக்கும் போலிருக்கிறது.

டொக்டர் உப்பையும் கருவாட்டையும் குறைக்கச் சொன்னார். நிறையத் தண்ணீர் குடித்தால் சின்னக் கல் தானாகவே போய்விடுமாம். "ரீச்சர், நீங்கள் தண்ணி குடிக்கிறேல்லையோ?" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். கூட வந்த ஸ்ரெல்லா ரீச்சர்தான் பதில் சொன்னா.

"குடிச்சால் எங்க போறது, டொக்டர்? இடம்பெயர்ந்த பிறகு எங்கட பள்ளிக்கூடம் மரத்தடியில. பொம்பிளையள் நாங்கள் விடிய வாயைக் கட்டினால் பொழுதுபட்டுத்தான் அவிழ்க்கிறது."

அவாவின் துணிவை என்னவென்று எழுதுவேன். தன் கொட்டில் கூரைக்கு வைத்திருந்த கிடுகையெல்லாம் அடுத்த நாளே கொண்டுவந்தா. பெற்றோரைக் கூப்பிட்டுக் குழி வெட்டுவித்து, மைதானத்து ஓரத்தில் மறைப்புக் கட்டினா. அவாவின் கொட்டில் இன்னும் ஒழுகுகிறது.

ஆனால் அக்கா, பெண்பிள்ளைகள் ஒருவரும் அங்கே போவதில்லை. போவதை எல்லோரும் பார்ப்பார்களாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கணக்குச் செய்கிறார்கள். நானும் இன்னும் போகவில்லை.

ஸ்ரெல்லாவுக்குக்கூட இதைச் சொல்லவில்லை. பாஸ் வந்தாலும் நான் வரப்போவதில்லை. திங்கட்கிழமை வகுப்பில், பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடிப்பேன். பிறகு எல்லோரும் பார்க்க, அந்த மறைப்புக்கு நடந்து போவேன்.

உங்கள் தங்கை