பைன் காட்டுப் பூவுக்கு நாலு இதழ்

என் அன்புக்கும் சந்தேகத்துக்கும் ஒரே சொந்தக்காரரான ஜாய்க்க அப்பாவுக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சபைப் பெண்களோடு மலைக்குச் சுற்றுலா போன இடத்தில், எல்லோரும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் பைன் மரங்களுக்கு அடியில் முட்டி போட்டுத் தவழ்ந்தேன். மூக்கில் பக்கத்து வீட்டு லீலாவின் கண்ணாடி. அவளும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“எக்கா, என்னத்தத் தேடுதிய? கம்மலு போச்சோ?”

“இல்ல மக்கா. எனக்க மாப்பிளைக்க யோக்கியதயத் தேடுதேன்.”

நீங்கள் சிரிக்க வேண்டாம். லாரியில் மரத்தடி ஏற்ற மலைக்குப் போய்வரும்போதெல்லாம் சட்டைப் பையில் ஒரு ஊதாப்பூ கொண்டுவருவீர்களே. “பைன் காட்டுல பறிச்சதாக்கும்” என்று நீட்டுவீர்கள். நானும் கொண்டையில் வைத்துக்கொள்வேன். ஆனால் நீங்கள் போகும் வழியில், அம்பூரி ஊர் ஓடைக்கரையிலும் அதே நிறத்தில் கதளி என்றொரு காட்டுப்பூ உண்டு. அங்கே யாருக்கோ பறித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எனக்குக் கொண்டுவந்தீர்களோ? கேட்டால் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை நம்பவில்லை.

காட்டைப் பார்த்தேன். தரை முழுக்கக் காய்ந்த ஊசியிலை. ஒரு புல்கூட இல்லை. நம் ரப்பர் தோட்டத்திலாவது அடியில் பயற்றுக்கொடி படரும். இங்கே பூ எங்கிருந்து வரும்? ஆள் பிடிபட்டார் என்றே நினைத்தேன்.

லீலாதான் காட்டின் ஓரத்தைக் காட்டினாள். “வெயிலு விழுத எடத்துல பாருங்கக்கா.”

அங்கே ஒரு மேட்டில், கணுக்கால் உயரத்தில் ஒரு செடி. இலையில் நீளவாக்கில் மூன்று கோடு, தொட்டால் சொரசொரப்பு, உச்சியில் ஊதாப்பூ. கதளியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதனால் இதழை எண்ணினேன். கதளிக்கு அஞ்சு. இதற்கு நாலு.

“ஒரு இதழக் காணல்லியே, எவ கிள்ளி எடுத்தா?” என்று ஒவ்வொரு முறையும் உங்களைப் படுத்துவேனே, நினைவிருக்கிறதா? எவளும் கிள்ளவில்லை. அந்தப் பூவே அப்படித்தான். அதை ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? உங்களுக்கும் தெரியாதோ?

லீலா கண்ணாடியைத் திருப்பிக் கேட்டாள். நனைந்திருந்தது. துடைத்துக் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று. அந்த மேட்டுக்குக் கீழேயே டீ விற்கும் ஒரு சாயக்கடை. நடத்துவது ஒரு பெண், நம் வயதுதான் இருக்கும். லாரிக்காரர்களைக் கண்டால் நல்ல சிரிப்பு. இப்படி ஒரு கடை இருப்பதாக நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லையே?

சரி, இனி அம்பூரிப் பேச்சை எடுக்கமாட்டேன், சத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கல்லறைக்கு வந்து வாய்விட்டே மன்னிப்புக் கேட்கிறேன், அம்பூரிக்கு மட்டும்.

பூவைப் பறித்துக்கொண்டு சாயக்கடையை விசாரிக்க இறங்கினேன். காய்ந்த இலை வழுக்கியது. கடை வாசல்வரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் ஸ்டூலைக் காட்டி, “இரிக்கு சேச்சி” என்றாள். பூ எனக்கு அடியில் இருந்தது.

இப்படிக்கு,
உங்களை முக்கால்வாசி நம்பும் மனைவி,
ஜாய்க்க அம்மை